சிஹு ஏரிக்கரையில் இன்னும் மண்ணுக்குப் போகாத பேழை

தைவானின் ஸின்சுவில் ஆராய்ச்சி மாணவராக இருக்கிறீர்கள், ஏப்ரலில் அப்பா அம்மா வருகிறார்கள். பழைய செய்தித்தாள் வாசகரான அப்பா, சிஹுவில் இருக்கும் சியாங் கை-ஷேக்கின் நினைவிடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். சீனாவை ஆண்டு, கம்யூனிஸ்டுகளிடம் தோற்றுத் தைவானுக்கு வந்து, சாகும்வரை இங்கே ஆட்சி செய்தவர் அவர். உங்கள் ஆய்வகத் தோழியோ அந்தப் பெயரைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சிஹு போகலாமா, ஒரு நாள் செலவழிக்கத் தகுந்த இடமா, அங்கே இருக்கும் சிலைத் தோட்டம் மரியாதைக்கா கேலிக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பஸ் எங்கே கிடைக்கும் என்பதைவிட, அப்பாவின் ஆசைக்கும் தோழியின் வருத்தத்துக்கும் நடுவில் எப்படி நிற்பது என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதற்கே முதலில் பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் படித்தது வரலாறு. தாவ்யுவான் பக்கம் ஜோங்லியில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் நண்பர்கள், பேராசிரியர்கள், அவர்களுடைய பெற்றோர் என்று எத்தனையோ பேரைச் சிஹுவுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். சீனம் பேசவும் படிக்கவும் வரும் என்றாலும் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து ஆய்வு செய்தவன் இல்லை. உறுதியாகத் தெரிந்ததையும், அங்கே சொல்லப்படும் கதைகளையும் பிரித்தே சொல்கிறேன்.

போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். அது கல்லறை இல்லை. 1975 ஏப்ரல் 5ஆம் தேதி இரவு தைபேயில் இறந்த சியாங்கின் உடல் இன்றுவரை மண்ணுக்குள் போகவில்லை. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் ஒரு வீட்டின் கூடத்தில், கருப்புப் பளிங்குப் பேழையில், தரைக்கு மேலேயே இருக்கிறது. சீனத்தில் அதற்கு ஒரு சொல் உண்டு. வெளியூரில் இறந்தவரின் பெட்டியைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகும் காலம் வரும்வரை ஓரிடத்தில் வைத்துக் காப்பதைக் குறிக்கும் சொல் அது. 'இறக்கி வைத்திருக்கிறோம்' என்று நாம் சொல்வோமே, அந்தப் பொருள். சியாங்கின் உடல் சிஹுவில் வைக்கப்பட்டபோது அரசு அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தியது. பெருநிலத்தை, அதாவது கம்யூனிஸ்டுகள் வசமான சீனாவை, மீட்ட பிறகு அங்கே கொண்டுபோய் அடக்கம் செய்வோம் என்பது அன்றைய எண்ணம். அந்த நாள் வரவில்லை. 2004இல் குடும்பத்தினர், சியாங்கையும் அவர் மகன் சியாங் சிங்-குவோவையும் தைபேக்கு அருகே வூஜி மலையில் உள்ள ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிடலாம் என்று கேட்டார்கள். அங்கே இடமும் கட்டப்பட்டது. அதுவும் நடக்காமல் நின்றுபோயிற்று. இந்த ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனால், அங்கே பார்க்கும் ஒவ்வொன்றும் வேறு மாதிரித் தெரியும்.

இடத்தின் கதையும் இதோடு ஒட்டியதுதான். தாஷி ஊரைத் தாண்டி, மலை தொடங்கும் இடத்தில் சின்ன ஏரி. பழைய பெயர் பிவெய். நிலம் பான்சியாவ் லின் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. அந்தப் பக்கம் வந்த சியாங்குக்கு மலையும் தண்ணீரும் தன் சொந்த ஊரான ஜெஜியாங் மாகாணத்துச் ஸிகோவை நினைவூட்டின. 1959இல் நடுவில் முற்றம் விட்டு நான்கு பக்கமும் அறைகள் கொண்ட ஒரு வீடு கட்டப்பட்டது. இறந்துபோன தன் தாயின் நினைவாக 1962இல் இடத்தின் பெயரைச் 'சிஹு' என்று மாற்றினார். 'சி' என்றால் தாயின் பரிவு, 'ஹு' ஏரி. தாய் 1921இலேயே இறந்தவர், அடக்கமானது ஸிகோவில். 1949 டிசம்பரில் பெருநிலத்தை விட்டு வந்த மகன் திரும்பிப் போய் அந்தச் சமாதியைப் பார்க்கவே இல்லை. அவருடைய அரசியலை எவ்வளவு வெறுத்தாலும் இந்தத் தகவலைச் சொன்னதும் நான் அழைத்துப் போனவர்கள் கொஞ்சம் அமைதியாகிவிடுவார்கள். உங்கள் அம்மாவுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வீடு ஆடம்பரமாக இருக்காது. நினைவிடம் என்றதும் அப்பா பெரிய கோபுரமும் படிக்கட்டும் எதிர்பார்க்கக்கூடும். அந்தப் பிரமாண்டம் தைபே நகரத்து நினைவு மண்டபத்தில்தான். சிஹுவில் இருப்பது ஒற்றைத்தள வீடு, ஏரியைச் சுற்றிப் போகும் பாதை, மரநிழல், தண்ணீரில் அன்னங்கள். வாசலில் வெள்ளைச் சீருடையிலோ நீலத்திலோ பச்சையிலோ மரியாதைக் காவலர்கள் நிற்பார்கள். முப்படைகளும் முறை வைத்துக்கொள்வதால் நிறம் மாறும். கண்ணைக்கூட அசைக்காமல் நிற்கும் அந்தப் பையன்களின் நெற்றியில் வழியும் வியர்வையை உடன் இருக்கும் உதவியாளர் ஒரு கைக்குட்டையால் ஒற்றி எடுப்பார், காலரைச் சரிசெய்வார், ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்துவிடுவார். காவல் மாறும் சடங்கைவிட அந்த ஒற்றி எடுத்தலைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும். உள்ளே கூடத்தில் பேழை, அதன் முன்னால் செவ்வந்திப் பூக்களால் ஆன சிலுவை. இதைப் பார்த்து வியக்காத தமிழரை நான் கண்டதில்லை. சியாங் 1930இல் மெதடிஸ்ட் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்.

அந்த வாசலில் ஒருமுறை பார்த்ததை மறக்க முடியவில்லை. தொண்ணூறு வயதைத் தொட்டிருப்பார், தொப்பி அணிந்த ஒரு முதியவர். பேத்தி கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். தொப்பியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு மூன்று முறை குனிந்தார். மூன்றாவது முறை நிமிர முடியாமல் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். வெளியே பெஞ்சில் பேச்சுக் கொடுத்தேன். 1949இல் பதினைந்து பதினாறு வயதில் படையோடு கப்பலேறி வந்தவராம். குடும்பத்தைப் பார்க்கப் பெருநிலம் போக அனுமதி கிடைத்தது 1987 நவம்பரில். மறுவருடம் ஊருக்குப் போனார். அம்மா இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. "இவர்தான் எங்களைக் கூட்டி வந்தார், இவரும் போக முடியவில்லை" என்றார். அந்தக் குனிதலில் பக்தி எவ்வளவு, தன் வாழ்க்கைக்கான துக்கம் எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

இப்போது உங்கள் தோழியின் பக்கம். அவர் முகம் சுளித்ததற்குக் காரணம் உண்டு, அது சிறிய காரணமும் இல்லை. 1947 பிப்ரவரி 27 மாலை, தைபேயில் கள்ளச் சிகரெட் விற்ற ஒரு விதவையைச் சியாங் அரசின் ஆட்கள் அடித்ததில் தொடங்கிய கலவரம், மறுநாள் தீவு முழுக்கப் பரவியது. மார்ச்சில் பெருநிலத்திலிருந்து படை வந்து இறங்கி அதை அடக்கியது. இறந்தவர்கள் 18,000 முதல் 28,000 வரை இருக்கலாம் என்று 1992இல் அரசே வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. இது மதிப்பீடுதான், எண்ணிக்கையில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. படுகொலை நடந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அப்போது சியாங் பெருநிலத்தில் இருந்தார். அவருடைய பொறுப்பு எவ்வளவு என்று நெடுநாள் வாதம் நடந்தது. 2006இல் வெளியான ஓர் ஆய்வறிக்கை முதன்மைப் பொறுப்பு அவருடையதே என்றது. அதன் பிறகு 1949 மே மாதம் தொடங்கி 1987 ஜூலை வரை, முப்பத்தெட்டு ஆண்டுகள் ராணுவச் சட்டம். அந்தக் காலத்து ராணுவ நீதிமன்றக் கோப்புகள் இப்போது திறந்துவிட்டன. சிறைத்தண்டனை போதாது, மரணதண்டனை கொடுங்கள் என்று சியாங் தன் கைப்பட எழுதிய குறிப்புகள் அவற்றில் இருக்கின்றன. யாரோ கீழ்மட்ட அதிகாரி செய்தது என்று ஒதுக்கிவிட இடமில்லை.

இங்கே பெரும்பாலான குடும்பங்களில் இது தாத்தா பாட்டி காலத்து விஷயம். ஆனால் மூடிவைத்த விஷயம். என் தோழர் ஒருவரின் தாத்தா 1950களில் அரசு ஆட்களால் கூட்டிப்போகப்பட்டவர். வீட்டில் அவருடைய புகைப்படமே மாட்டப்படவில்லை. குழந்தைகள் பள்ளியில் எதையாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் பாட்டிக்கு. அந்தப் பள்ளியின் வாசலில் சியாங்கின் சிலை இருந்தது. தினமும் காலையில் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும். இதை வைத்துப் பாருங்கள், உங்கள் தோழியின் முகச்சுளிப்பு புரியும். 2018 பிப்ரவரி 28ஆம் தேதி இளைஞர்கள் சிலர் சிஹு கூடத்துக்குள் போய்ப் பேழை மீது சிவப்புச் சாயத்தை ஊற்றினார்கள். அதன் பிறகு கூடத்தைக் கொஞ்ச காலம் மூடி வைத்தார்கள். அதற்கு முன்பும் 2007 கடைசியில் அன்றைய அரசு காவலர்களைத் திரும்பப் பெற்று இடத்தை மூடியது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் திறந்தார்கள். அந்தக் கதவு திறப்பதும் மூடுவதும் இந்த நாட்டு அரசியலோடு சேர்ந்தே நடக்கிறது.

சிலைத் தோட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதில் சுவையான பகுதி இதுதான். சியாங் இருந்த காலத்திலும் இறந்த பிறகும் பள்ளி, ராணுவ முகாம், ரவுண்டானா, பூங்கா என்று எங்கும் அவர் சிலைகள் எழுந்தன. ஜனநாயகம் வந்த பிறகு ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார்கள். இறக்கிய சிலையை என்ன செய்வது? உருக்கவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் விருப்பமில்லை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாஷி ஊராட்சி, "எங்களிடம் கொடுங்கள்" என்று வாங்கிச் சிஹுவுக்குப் பக்கத்தில் நிறுத்தத் தொடங்கியது. இன்று 200க்கும் மேற்பட்ட சிலைகள் அங்கே நிற்கின்றன. குதிரை மேல் இருப்பவர், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், கைத்தடி ஊன்றியவர், தொப்பியைக் கையில் பிடித்தவர், மார்பளவு மட்டும் உள்ளவர். வெண்கலம், சிமெண்ட், வெள்ளையடித்தது, பொன்வண்ணம் பூசியது. பெரும்பாலான முகங்களில் ஒரே புன்னகை. சிலைகளைச் சிலையாகவே வரிசையில் வைத்துவிடாமல், சில இடங்களில் வட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒரே மனிதர் தன்னைத் தானே சுற்றி நின்று பேசிக்கொள்வது போலத் தெரியும்.

அவசரப்படாமல் ஒன்றிரண்டைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பீடத்தில் சின்னப் பலகை இருக்கும். எந்தப் பள்ளி, எந்த ஊர், யார் கொடுத்தது என்று எழுதியிருக்கும். போன மழைக்காலத்தில் நான் பார்த்த ஒரு சிலையின் தொப்பி விளிம்புக்கும் தோளுக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது, நூலெல்லாம் மழைத்துளி. காலணி முழுக்கப் பச்சைப் பாசி. பலகையில் ஒரு தொடக்கப்பள்ளியின் பெயர். எத்தனை ஆயிரம் குழந்தைகள் இந்தக் காலணிக்கு முன்னால் குனிந்திருப்பார்கள் என்று நினைத்தபடி நெடுநேரம் நின்றேன்.

தோட்டத்தில் எல்லோரும் தேடிப் போவது காவ்ஸியுங் சிலையை. அந்த நகரத்துப் பண்பாட்டு மையத்தில் இருந்த மாபெரும் உட்கார்ந்த சிலையை 2007 மார்ச்சில் அகற்றியபோது முழுதாகத் தூக்க முடியாமல் துண்டு துண்டாக வெட்டினார்கள். அந்தத் துண்டுகளை வாங்கிக்கொண்டு வந்து, கலைஞர் குவோ ஷாவ்-சுங் மறுபடி சேர்த்தார். ஆனால் முழுதாகச் சேர்க்கவில்லை. கையும் முகமும் மடியும் இருக்கும், இடையில் காற்று இருக்கும், ஊடே வானம் தெரியும். 'காயமும் மறுபிறப்பும்' என்ற பொருளில் பெயர் வைத்தார். அழித்தது யார், சேர்த்தது யார், இரண்டையும் மறைக்காமல் காட்டும் வேலை அது. தைவான் தன் கடந்த காலத்தோடு நடத்தும் உரையாடலைப் பற்றி ஒரே ஒரு பொருளைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

சரி, இது மரியாதையா கேலியா? தொடங்கியவர்களின் நோக்கம் பெரும்பாலும் சிலைகளைக் காப்பாற்றுவதும் ஊருக்குச் சுற்றுலாப் பயணிகளை வரவழைப்பதும்தான். கேலி செய்வதற்காகத் தொடங்கியதில்லை. ஆனால் 200 பேர் ஒரே முகத்தோடு நின்றால் யாருக்கும் சிரிப்பு வருவது இயல்பு. அந்தச் சிரிப்பைச் சியாங்கின் கோமிங்டாங் கட்சிக்காரர்கள் சிலர் அவமானமாக நினைக்கிறார்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் சிலரோ, கொலைகாரனை வைத்துப் பொழுதுபோக்குப் பூங்கா நடத்துவதா என்று கேட்கிறார்கள். புடாபெஸ்டிலும் லிதுவேனியாவிலும் இறக்கிய கம்யூனிஸ்ட் சிலைகளைச் சேர்த்து வைத்த பூங்காக்கள் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிடுவார்கள். எனக்கு ஒப்பீடு பாதிதான் சரியாகப் படுகிறது. அங்கே சிலைக்குரியவர்களின் ஆட்சி முடிந்துபோன கதை. இங்கே அவருடைய கட்சி இன்றும் தேர்தலில் நின்று வெல்லும் பெரிய கட்சி. இறக்கிய சிலைகளிலிருந்து சில நிமிட நடையில் அந்த மனிதரின் உடல், காவலர்கள் சூழ. உடலும் அடக்கமாகவில்லை, சிலைகளும் அழியவில்லை. முடிவெடுக்காமல் வைத்திருப்பதை நான் குறையாகப் பார்ப்பதில்லை. தீவில் வாழும் இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் விரட்டாமல் இருப்பதற்கு அவர்கள் கண்ட வழி இது என்று நினைக்கிறேன். உங்கள் தோழி இதை ஒப்பமாட்டார். அவர் சொல்வதையும் கேளுங்கள்.

அங்கே சில கதைகள் காதில் விழும், எச்சரிக்கையாக இருங்கள். சீன வாஸ்துப்படி இந்த இடத்தின் நீர்நிலை மலைநிலை பார்த்து, வம்சம் தழைக்க வேண்டும் என்று சியாங்கே தேர்ந்தெடுத்தார் என்பார்கள். ஸிகோவைப் போல இருந்ததால் பிடித்தது என்பது பதிவான செய்தி. மற்றது வழிகாட்டிகள் வளர்த்தது. பேழை தரையைத் தொடாதபடி தனியாக அமைத்திருக்கிறார்கள், அயல் மண் உடம்பில் படக்கூடாதாம் என்றும் ஒரு பேச்சு. கேட்க நன்றாக இருக்கிறது, நம்பத்தக்க சான்று எதையும் நான் பார்த்ததில்லை. அவர் இறந்த இரவு தைபேயில் இடியும் மழையும் இருந்ததை அன்றைய பத்திரிகைகள் எழுதின. வானமே அழுதது என்பது அதன் மேல் ஏற்றிய விளக்கம்.

உங்கள் அப்பாவுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள், மகிழ்வார். 1942 பிப்ரவரியில் சியாங்கும் மனைவி சூங் மெய்-லிங்கும் இந்தியா வந்தார்கள். நேருவைப் பார்த்தார்கள், கல்கத்தாவில் காந்தியைச் சந்தித்தார்கள். கிளம்பும்போது, இந்தியர்களுக்கு உண்மையான அரசியல் அதிகாரத்தைப் பிரிட்டன் விரைவில் தர வேண்டும் என்று வெளிப்படையாக அறிக்கை விட்டார். அந்த நாளில் நம் விடுதலைக்காக அப்படிப் பேசிய உலகத் தலைவர்கள் அதிகம் இல்லை. அப்பாவின் மரியாதை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அநேகமாக அந்தக் காலத்து நினைவிலிருந்துதான். அதே மனிதர் ஐந்து வருடம் கழித்துத் தைவானில் படையிறக்கினார் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். இரண்டும் உண்மை.

சிஹுவிலிருந்து இரண்டு கிலோமீட்டர் அளவில் தோவ்லியாவ் என்ற இடத்தில் மகன் சியாங் சிங்-குவோவின் உடல் இதேபோல வைக்கப்பட்டிருக்கிறது. இறந்தது 1988 ஜனவரி 13. முதலில் உளவு அமைப்புகளை நடத்தியவர், கடைசியில் ராணுவச் சட்டத்தை நீக்கியவர். கூட்டம் குறைவு, நேரமிருந்தால் போய்வாருங்கள். பின்சிஹு என்று உள்ளே ஒரு பகுதி உண்டு. முன்பு போர்க்கால அலுவலகங்கள் இருந்த, யாரும் நுழைய முடியாத இடம். இப்போது முன்கூட்டியே விண்ணப்பித்தால் ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையினரை விடுகிறார்கள். பறவையும் காடும் பிடித்தவர் என்றால் அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும்.

போகும் வழி எளிது. ஸின்சுவிலிருந்து ஜோங்லிக்கு ரயில், அல்லது தாவ்யுவானுக்கு அதிவேக ரயில். அங்கிருந்து தாஷி வழியாகச் சிஹு வரை சுற்றுலாப் பஸ் ஓடுகிறது, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பயன்படும் ஈஸிகார்டு அட்டை போதும். நினைவிடத்துக்குக் கட்டணம் கிடையாது. காவல் மாறும் நேரம், கூடம் திறந்திருக்கும் நேரம் இரண்டையும் கிளம்புவதற்கு முந்தைய நாள் தாவ்யுவான் நகரத்துச் சுற்றுலாத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன காரணங்களால் அவை மாறும். ஏப்ரல் 5ஐ ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். முன்னோர் சமாதிகளைத் துப்புரவு செய்யும் விடுமுறை அது, தாஷி சாலையில் வண்டி நகராது. குடை கட்டாயம், அந்தப் பள்ளத்தாக்கில் சொல்லாமல் மழை வரும். முதலில் சிலைத் தோட்டம்தான் எதிர்ப்படும். நின்றுவிடாமல் நேரே ஏரிப் பாதையில் நடந்து வீட்டைப் பாருங்கள், திரும்பும்போது சிலைகளிடம் வாருங்கள். வரிசை மாறினால் சிரிப்போடு பேழைக்கு முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும். என் நண்பர் ஒருவருக்கு அது சங்கடமாகிவிட்டது.

தோழிக்காக இன்னொரு நாளை ஒதுக்குங்கள். தைபே பக்கத்தில் ஜிங்மெய்யில் பழைய ராணுவ நீதிமன்றமும் சிறையும் இப்போது மனித உரிமை அருங்காட்சியகம். சிஹுவைப் பார்த்த பெற்றோர் அதையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குத் தாஷி பழைய தெருவுக்கு வந்துவிடுங்கள். ஊரே சோயா கட்டிக்குப் பேர்போனது, கருப்பாக வெந்த டோஃபு தெரு முழுக்கக் கிடைக்கும். அப்பா அம்மா சைவம் என்றால் 'சூ' என்று சொல்லிக் கேளுங்கள். பல கடைகளில் அதே சட்டியில் முட்டையையும் போட்டு வேகவைப்பார்கள்.

கடைசியாக, கூடத்தின் முன்னால் குனிய வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் எதுவும் இல்லை, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். தொப்பியைக் கழற்றி, கைப்பேசியை உள்ளே வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் நின்றால் போதும். நான் குனிவதில்லை. என் தோழரின் பாட்டி நினைவுக்கு வந்துவிடுவார். உங்கள் அப்பா கை கூப்பினால் கூப்பட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.